வலிக்கு நான் சொன்ன எண்

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ்,
செவ்வாய் இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹர்ஷிதா எழுதுகிறேன். அப்பா தூங்கிவிட்டார். பாத்ரூம் விளக்கைப் போட்டுக்கொண்டு, கதவருகே தரையில் உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிறுதோறும் நீ பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். ஃபோனில் இதைச் சொல்ல முடியாது. நீ பேசும்போதெல்லாம் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். விடிந்ததும் உன் ஆபீஸ் கோபி அங்கிள் விமானம் பிடித்து உங்கள் ஊருக்கு வருகிறார் இல்லையா, அவரிடம் கொடுக்கும் பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் இதை வைத்துவிடுவேன்.

அம்மா, ஞாயிற்றுக்கிழமை எண்ணூறு மீட்டர் செலக்‌ஷனில் என்னால் ஓட முடியாது. அப்பாவுக்கு இது தெரியாது. அதைப் பார்க்கத்தான் நீ ஒடிசாவிலிருந்து நான்கு நாள் லீவு போட்டு வருகிறாய்.

எனக்குக் குதிகால் வலி வந்தது உனக்குத் தெரியும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்தால் முள்ளை மிதித்த மாதிரி இருக்கும். அப்பாதான் சந்தோஷ்நகரில் எட்வின் சாரிடம் கூட்டிப்போனார். பிசியோதெரபி பார்ப்பவர், வாயைத் திறந்தால் கிண்டல். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்துப் பாதத்துக்கு அடியில் உருட்டச் சொன்னார். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கி மேலே ஏற்றச் சொன்னார். வலி குறையக் குறையப் பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு அதையே செய்ய வேண்டும், தினமும் ஓடும் தூரத்தையும் கூட்ட வேண்டும்.

போனதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சொல்லும்மா, வலி பத்துக்கு எத்தனை?" மூன்றுக்குள் இருந்தால் அடுத்த கட்டம். ஐந்தைத் தாண்டினால் ஓட்டமே கூடாது. நாம் சொல்லும் எண்ணை நம்பித்தான் எல்லாம் நடக்கும்.

முதல் நாள் ஆறு என்றேன். அடுத்த வாரம் ஐந்து. அது வரைக்கும் உண்மை. அப்புறம் மூன்று, இரண்டு, மறுபடியும் இரண்டு. அதெல்லாம் பொய் அம்மா. எட்வின் சார் அந்த எண்களை ஒரு கோடாக வரைந்து காட்டினார். கோடு அவ்வளவு அழகாக இறங்கியிருந்தது! அப்பா அதை ஃபோட்டோ எடுத்து உனக்கு அனுப்பினார். அன்று ராத்திரிதான் நீ, "அப்ப என் பொண்ணு ஓடறா! லீவு எழுதிக் குடுத்துட்டேன்" என்று கத்தினாய். அதற்குப் பிறகு நான் எப்படி ஏழு என்று சொல்வேன்?

நான் நொண்டுவதை என் வகுப்பு சுஷ்மா பள்ளியில் பார்த்துவிட்டாள். "கைக்கு? எதுக்கு இத்தனை நடிப்பு? சார்கிட்ட சொல்லு, நக்கோ, வேணாம் இந்த ஓட்டம்" என்று திட்டினாள். "ஹவ், சரி, சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை.

முதல் நாளே எட்வின் சார் ஒன்று சொல்லியிருந்தார். ஓடும்போது வலித்தால் அது வேறு. சும்மா படுத்திருக்கும்போதும் வலித்தால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம், அன்றைக்கே வந்து சொல்ல வேண்டும் என்று. சனிக்கிழமை அவர் என் குதிகாலை இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தினார். உயிர் போய்விட்டது. "என்னம்மா, மூஞ்சி மாறுது?" என்றார். கூசுகிறது சார் என்று சிரித்தேன். "கூசற அளவுக்கு வந்தாச்சுன்னா போ, போய் மெடலோட வா" என்று அனுப்பிவிட்டார். இது மூன்றாவது ராத்திரி, படுத்தால் வலிக்கிறது. போர்வை பட்டால்கூட வலிக்கிறது.

நீ இங்கே இருந்தபோது காலையில் மூன்று பேரும் கிரவுண்டுக்குப் போவோமே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்டாப்வாட்ச் உன் கையில் இருக்கும். ஆபீஸில் நொடியை ஆயிரமாகப் பிரித்துப் பார்க்கிற நீ, நான் கடைசி வளைவு திரும்பியதும் கை தட்ட ஆரம்பித்துப் பட்டனை மறந்துவிடுவாய். "உன் அம்மா கணக்குப்படி நீ இன்னும் ஓடிக்கிட்டே இருக்கே" என்பார் அப்பா. அப்புறம் மூலைக் கடையில் ஒரே டீயில் மூன்று பேரும் பிஸ்கட்டை நனைப்போம். என் துண்டு ஒடிந்து உள்ளே விழுந்தால் நீதான் ஸ்பூனால் எடுத்துத் தருவாய். இப்போது அப்பா டைமை ஒரு நொடி பிசகாமல் பார்க்கிறார். அந்தக் கடைக்கு நாங்கள் போவதே இல்லை.

அப்பாமேல் கோபப்படாதே. அவருக்கும் நான் சொன்ன எண்தான் தெரியும். நாலே முக்காலுக்கு எழுந்து எனக்காக ஐஸ் பாட்டிலை எடுத்து வெளியில் வைக்கிறார். ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் நிறையப் பேசுகிறார்.

நாளை மாலை ஐந்தரைக்கு எட்வின் சாரிடம் போக வேண்டும். உண்மையைச் சொல்லப்போகிறேன். எட்டு. ராத்திரியும் வலிக்கிறது என்பதையும் சொல்வேன். அவர் ஓட்டத்தை நிறுத்திவிடுவார், எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். அப்பா வெளியே வந்ததும் உனக்கு ஃபோன் செய்வார். "அவ ஓடலை, நீ வீணா அலையாதே" என்பார். அதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாய், உங்கள் ஏவுகணைச் சோதனை தள்ளிப்போய் லீவு கிடைக்கவில்லை. என் பிறந்தநாளுக்கும் அதேதான். இந்த ஓட்டத்துக்கு மட்டும்தான் லீவு கிடைத்தது. அதனால்தான் அம்மா, வலி இரண்டு என்றேன். மெடலுக்காக இல்லை.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் இங்கே வந்து திட்டு. டிக்கெட்டை மட்டும் ரத்து செய்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, நான் காலை நீட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பேன். அதற்கு வா.

வழியில் வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகள்,
ஹர்ஷிதா