போதும் என்றால் புறப்படும் கை

இன்று காலை உன் கை அசைந்தது.

பதறாதே, வரிசையாகவே சொல்கிறேன். என் மனைவி மூன்றாவது கரண்டி சாம்பாரை இட்லியின் மேல் ஊற்ற வந்தாள். நான் என்னுடைய வழக்கமான சின்னக் குரலில் "போதும்" என்றேன். சாப்பாட்டு மேசையின் அந்தக் கோடியிலிருந்து 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. நேற்று மாலை அடாப்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, அணைக்க மறந்திருக்கிறேன். அலுமினியக் கை மெல்லத் தாழ்ந்து, அங்கே இல்லாத ஒரு டம்ளரைப் பிடித்துத் தூக்கியது. காற்றில் ஓரிடத்தில் நின்று, பதமாகச் சாய்ந்தது. எதிரே நாற்காலி காலியாக இருந்தது.

"என்னங்க இது, கூப்பிடாமலே வருது?" என்றாள் அவள். கரண்டியிலிருந்து சாம்பார் மேசைவிரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. நீ போன பிறகு நான் அப்படிச் சிரித்ததே இல்லை.

மகளோடு இருக்கப் பெங்களூருக்குப் போகுமுன், போன வாரம் உன் மனைவிதான் அந்தக் கையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "பரண்ல போட மனசு வரலை. உங்க கைதானே அண்ணா, நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். நான் எப்போதும் அதை உன் கை என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். அவர் என் கை என்கிறார்.

ஹைதராபாத் குஷாய்குடா தொழிற்சாலையில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் தஞ்சாவூரிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவன். நீ லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, தமிழ், தெலுங்கு, உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறவன். உனக்கு அசெம்ப்ளி, எனக்கு வரைபடப் பிரிவு. மாலை சைரன் ஊதியதும் நீ என் பலகைக்குப் பக்கத்தில் வந்து நிற்பாய். "போதாம்யா செக்கர், போதாம்!" தெலுங்கில் 'போகலாம்' என்று அர்த்தம். வந்த புதிதில் அது எனக்குப் 'போதும்' என்றே காதில் விழுந்தது. வேலை செய்தது போதும் என்கிறாய் என்று நினைத்தேன். இரண்டுக்கும் பலன் ஒன்றாக இருந்ததால் பல மாதம் தவறு தெரியவில்லை.

செக்கர் என்று நீ வைத்த பெயர் சரியானதுதான். ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. வரைந்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு வரிகள் இருக்கும். பணி ஓய்வு பெறும்வரை என் கையெழுத்து இரண்டாவது வரியில் மட்டுமே விழுந்தது. முதல் வரிக்கு வாய்ப்பு வந்தபோதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லி ஒதுங்கினேன். அடுத்தவர் தவறைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குத் தன் தவறு எப்படி இருக்கும் என்று நன்றாகவே தெரியும். அந்தப் பயம்.

பிறகு உனக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை மடியிலேயே கிடந்தது, இடது கை நடுங்கியது. சோற்றை உன் மனைவி ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது வாங்கிக்கொண்டாய். காபியை மட்டும் விட்டுவிட்டாய். ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் குடித்தவன்! "அதை நானே குடிக்கணும்யா. புகட்டினா அது காபி இல்ல, மருந்து" என்றாய். நான்கு மாதம் அந்த வீட்டில் டிகாக்ஷன் வாசனையே இல்லை. நீ குடிக்காததை உன் மனைவியும் குடிக்கவில்லை.

ஒருநாள் நீ என்னைக் கூப்பிட்டு, "எனக்கு ஒரு கை செஞ்சு குடு" என்றாய், ஏதோ ஸ்டூல் செய்து தரக் கேட்பதுபோல.

நான் வீட்டுக்கு வந்து ஒரு புதிய நோட்டை எடுத்து, அட்டையில் 'கைக்கு' என்று எழுதினேன். உள்ளே அளவுகள், எடைகள், எந்த மூட்டுக்கு எவ்வளவு விசை வேண்டும் என்ற கணக்குகள். மூன்றாவது வாரம் உன்னிடம் கொண்டுவந்து காட்டினேன். நீ அட்டையைப் பார்த்தே விழுந்து விழுந்து சிரித்தாய். "கைக்கு? நோட்டு மேலயே 'ஏன்?'னு எழுதி வெச்சிருக்கானே இந்த ஆளு!" உன் ஹைதராபாத் உருதுவில் 'கைக்கு' என்றால் 'ஏன்'. யோசித்துப் பார்த்தால் அந்த நோட்டின் ஒவ்வொரு பக்கமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஆபத்துகளின் பட்டியல் வைத்திருந்தேன். சூடு உதட்டைச் சுடலாம், விளிம்பு பல்லில் இடிக்கலாம், மின்சாரம் போகலாம் என்று பதினேழு.

படிக்கச் சொல்லிக் கேட்டாய். சிரிக்கவில்லை. "பதினெட்டாவது எழுது. காபி குடிக்காமலே போயிட்டா?" என்றாய்.

மறுநாள் அட்டைப்பெட்டியை வெட்ட ஆரம்பித்தேன்.

முதலில் அட்டைக் கை, பிறகு பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய அலுமினியத் துண்டுகளில் நிஜக் கை. எத்தனை கோணம் திரும்பு என்றால் அத்தனை கோணம் திரும்பி நிற்கிற சர்வோ மோட்டார்கள் மூட்டுக்கு ஒன்று. தோள்பட்டை மோட்டார்தான் அழவைத்தது. நிறைந்த டம்ளரைப் பாதி தூரம் தூக்கியதும் நடுங்கிக்கொண்டே கீழே இறங்கிவிடும். இன்னும் பெரிய மோட்டாருக்கு நான் மறுபடி கணக்குப் போட்டேன். நீ நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். "ஏன்யா, கிணத்துல ஏத்தம் பார்த்ததே இல்லியா? பின்னாடி வெயிட்டு கட்டு" என்றாய். தொழிற்சாலையில் உன் லாக்கருக்குப் போட்டிருந்த பித்தளைப் பூட்டை அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னாய். கம்பியால் பின்பக்கம் கட்டினேன். கை ஒரு பெருமூச்சுகூட விடாமல் மேலே போனது. என்னுடைய பதினொரு பக்கக் கணக்கை உன் பூட்டு அடித்துவிட்டது. எனக்கு வருத்தமே இல்லை. நான் கைதட்டினேன் என்று பிறகு உன் மனைவி சொன்னார்.

கைக்குக் கட்டளையை வாயால் சொல்ல வேண்டும் என்றாய். பழக்கினால் குரலை அடையாளம் காணும் ஒரு சின்ன மின்னணுப் பலகை கிடைத்தது. நம் இருவர் குரலிலும் சொற்களைப் பதிந்தோம். கிளம்புவதற்கு நீ கேட்ட சொல் 'போதாம்'. நிறுத்துவதற்கு நான் எழுதிய சொல் 'போதும்'. காகிதத்தில் இரண்டும் தெளிவாக வேறாக இருந்தன. நான் சரிபார்த்தேன். இருமுறை.

முதல் சோதனை தண்ணீரில். "போதாம்" என்றாய். டம்ளர் வந்தது, சாய்ந்தது, இரண்டு மடக்கு குடித்தாய். உன் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ "போதும்" என்றாய். உன் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் 'தாம்' எது 'தும்' எது என்று எனக்கே தெரியாது, பலகைக்கு எப்படித் தெரியும்? கை இன்னும் சாய்ந்தது. "போதும்! போதும்!" அது உற்சாகமாக மேலும் சாய்ந்தது. உன் மூக்கில், கழுத்தில், சட்டையில் தண்ணீர். நிறுத்தலாம் என்று நானும் "போதும்" என்று மெல்லச் சொன்னேன், என் குரலிலும் சொல்லின் வால் தேய்ந்துபோகும். மீதியும் கவிழ்ந்தது.

"பிளக்கைப் பிடுங்குங்கண்ணா!" என்று உன் மனைவி கத்தினார். நான் கல்லாகி நின்றேன். பதினேழு ஆபத்துகளில் இது இல்லை. அவரே வந்து பிடுங்கினார்.

நீ சொட்டச் சொட்ட உட்கார்ந்து சிரித்தாய். "இத்தனை வருஷம் கழிச்சும் செக்கர் அதே தப்பைப் பண்றான் பாரு! போதும்னா போதாம்னு கேக்குது!"

நிறுத்தும் சொல்லை 'நக்கோ' என்று மாற்றினோம். உன் ஊர்ச் சொல், வேண்டாம் என்று அர்த்தம். அதை என் குரலிலும் பதிய வேண்டியிருந்தது. அந்த ஊரில் அத்தனை காலம் வாழ்ந்தும் நான் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. யாரிடமும் எதையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன் நான். "நக்கோ" என்றேன். பலகை விளக்கு எரியவில்லை.

"அது கேள்வியா பதிலா? வயித்துலேர்ந்து சொல்லு. நக்கோ!"

"நக்கோ."

"பயந்துக்கிட்டே வேண்டாங்கறான் பாரு. நக்கோ!"

"நக்கோ!" என்று நான் கத்தியதில் கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து, யாரை இப்படி விரட்டுகிறீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். நீ கொஞ்சமும் அசையாமல், "சார் இப்பதான் பேசக் கத்துக்கிறாரு" என்று அவர் மொழியிலேயே பதில் சொன்னாய்.

காபி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வெப்பமானியோடு வந்திருந்தேன், நீ அதைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்லி உன் மனைவியை ஏவினாய். அவர் டபராவில் நான்கு முறை ஆற்றி, நுரையோடு டம்ளரைக் கையின் பிடியில் வைத்தார். "போதாம்" என்றாய். கை வந்தது. நீ குடித்தாய். நிறுத்தி, கண்ணை மூடி, மறுபடி குடித்தாய். உன் மனைவி நெகிழ்ச்சியில் வாய்தவறி, "சக்கரை போதுமா?" என்று கேட்டுவிட்டார். பதியாத குரலுக்கும் கை துள்ளியது. மூன்று பேரும் ஒரே குரலில் "நக்கோ!" என்று அலறினோம். ஒரு சொட்டுதான் சிந்தியது.

அன்றிலிருந்து உங்கள் வீட்டில் 'போதும்' தடைசெய்யப்பட்ட சொல். சோறு பரிமாறும்போதும் நக்கோதான்.

அந்தச் சொட்டு விழுந்தது மேசையில் நான் விரித்திருந்த கையின் வரைபடத்தின் மேல். நீ அதை உன் பக்கம் நகர்த்தச் சொன்னாய். மூலைக் கட்டத்தில் என் வழக்கப்படி இரண்டாவது வரியில் கையெழுத்துப் போடப்போனேன். "அது என் இடம். மேலே போடு" என்றாய். வரைந்தவர் என்ற வரியில் போட்டேன். நீ இடது கையால், முழுதாக இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, சரிபார்த்தவர் என்ற வரியில் கிறுக்கினாய். ஒரு வருடத்துக்கு மேல் தினமும் நீயே காபி குடித்தாய். கடைசி நாள் காலையிலும்.

அந்த வரைபடம் இப்போது என் சுவரில் இருக்கிறது. இன்று சிரித்து முடித்ததும் மனைவியிடம் ஒரு காபி கேட்டு, கையின் பிடியில் வைத்து, அந்தக் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். "போதாம்" என்றதும் டம்ளர் வந்து என் மூக்குக்கு நேராக மெல்லச் சாய ஆரம்பித்தது. மேசையிலிருந்து உன் உதடு முப்பத்தெட்டு சென்டிமீட்டர். என்னுடையது முப்பத்துமூன்று. அந்த உயரத்தை நான்தான் அளந்து அதற்குச் சொல்லிக்கொடுத்தேன், அது மறக்கவில்லை.

"ஒரு எண்ணைத்தானே மாத்தணும், மாத்திடுங்களேன்" என்றாள் மனைவி.

"நக்கோ" என்றேன். வயிற்றிலிருந்து. கை உடனே நின்றது, அவளும் ஒரு கணம் நின்றாள்.

பிறகு உள்ளே போய் ஒரு தலையணை எடுத்துவந்து நாற்காலியில் போட்டாள். அதன் மேல் ஏறி உட்கார்ந்து, உன் உயரத்தில், காபியைக் குடித்து முடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.