ஓட்டை உன் வெல்டிங்கில் இல்லை

இன்று காலை பகாவ் டவுனுக்கு வெளியே ஒரு வீட்டில் ஏர்கோன் மூடியைக் கழற்றினேன். குளிரவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். பின்பக்க ஜன்னலுக்கு நேரே ஒட்டுப்பால் மூட்டைகள் கிடந்தன. பக்கத்தில் ரப்பர் பாலை உறைய வைக்கும் அசிட் டப்பாக்கள். காற்று உள்ளே திரும்பியதும் அந்தப் புளித்த வாடை மூக்கைக் கடித்தது. உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது.

நாம் ஒரே ரப்பர்த் தோட்டத்தில், அடுத்தடுத்த லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, வீடுகளை இடித்த பிறகு டவுனுக்கு வந்து ஏர்கோன் வேலை கற்றோம். ஒரு பழைய வேனில் தொழில் தொடங்கினோம். பேச்சு என்னுடையது, கை உன்னுடையது. போர்ட்டிக்சன் பக்கம் கடல் காற்றில் ஏர்கோனுக்குள் குளிரூட்டும் குழாய்ச் சுருள்கள், அந்த அலுமினியக் காயில்கள், வெள்ளை மாவாக உதிர்வதைச் சேர்ந்தேதான் பார்த்தோம். வேன் கதவில் 'செம்புக் காயில் மட்டும்' என்று எழுத வைத்தவன் நான். அலுமினியத்தில் ஓட்டை விழுந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான், செம்பென்றால் வெல்டிங் வைத்துவிடலாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் அடித்துச் சொல்வேன். நீதான், "எடத்தப் பாத்துப் பேசுடா, எல்லாத்துக்கும் ஒரே பேச்சு பேசாத" என்பாய்.

ஒரு காலத்தில் நீ குடித்தாய். அது ஊருக்கே தெரியும். உன் மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம் விட்டாய். நான்கு வருடமாகத் தொடவே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

பார்வதி அக்கா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். பக்கவாதத்தில் படுத்த கணவருக்குப் புழுக்கத்தில் முதுகெல்லாம் புண் வந்துவிட்டது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் ஏர்கோன் போடச் சொன்னான். செம்புக் காயில் போட்டோம். ஐந்தாறு மாதத்தில் கேஸ் போய்விட்டது. நீ ஓட்டையை அடைத்தாய். மறுபடி போனது. காயிலையே மாற்றினோம். அதுவும் போனபோது அக்கா தெருவே கேட்கும்படி கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். நீ காயிலைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, காற்றடித்துக் காட்டினாய்.

"என் வெல்டிங்ல லீக் இல்ல, நீயே பாரு. கொழா நடுவுல, ஊசி குத்துன மாதிரி வருது. இந்த வீட்டுல ஏதோ செம்பத் திங்குது. இங்க அலுமினியம் போட்டுப் பாப்போம்" என்றாய்.

நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வேன் கதவில் எழுதியிருந்ததுதான் என் கண்ணில் இருந்தது. அக்காவிடம் திரும்பினேன். குரலைத் தணித்துக்கொண்டாலும் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. இவன் திரும்பக் குடிக்க ஆரம்பிச்சுட்டான். கை நடுங்குது. இனிமே நானே வந்து செய்யுறேன்."

நீ கையைத் துடைத்தாய். ஸ்பானர்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினாய். பெட்டியை என் காலடியில் வைத்துவிட்டு, வேனில் ஏறாமல் ரோட்டைப் பார்த்து நடந்தாய். உன் கை நடுங்கவே இல்லை.

அந்தப் பேச்சு பகாவ் முழுக்கப் போனது. கேஸும் நெருப்பும் புழங்குகிற வேலைக்குக் குடிகாரனை யார் எடுப்பார்கள்? ஒரு கடையும் உன்னைச் சேர்க்கவில்லை. மம்பாவில் மனைவியின் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாய் என்றும், ஏதோ குடியிருப்பு வாசலில் செக்குரிட்டியாக நிற்கிறாய் என்றும் கேள்விப்பட்டேன்.

பார்வதி அக்கா வீட்டில் புதுச் செம்புக் காயிலை என் கையாலேயே மாட்டினேன். ஏழே மாதத்தில் அதுவும் கசிந்தது. அன்றுதான் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். குழாயின் நடுவில் வரிசையாகக் குமிழிகள். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டக்காரரின் அசிட் கொட்டகை இருந்தது. அந்த வாடையிலேயே பிறந்து வளர்ந்த நம் மூக்குக்கு அதுவரை அது வாடையாகப் பட்டதே இல்லை. காயில் விற்கும் ஆளிடம் கேட்டேன். அந்த அசிட் ஆவி மெல்லிய செம்பை எறும்புப் புற்றுபோல உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும், அலுமினியத்தை அப்படிச் செய்யாது என்றார். அலுமினியம் போட்டேன். இன்றுவரை ஓடுகிறது.

அப்போது நீ உயிரோடு இருந்தாய். மம்பாவ் ஒன்றும் கண்காணாத தூரம் இல்லை. தீபாவளி கழித்துப் போகலாம் என்றிருந்தேன். பிறகு மழை விடட்டும் என்றிருந்தேன். உன் முகத்தைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான். அதற்குள் மார்வலியில் போய்விட்டாய். சாவு வீட்டில் பகாவிலிருந்து வந்த இரண்டு பேர், குடிதான் கொன்றது என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்தில்தான் நின்றேன். அங்கேயும் வாயைத் திறக்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். உன் சட்டைகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுதுண்ணே? நீங்க பகாவ்லதானே சொன்னீங்க. அங்க போயிச் சொல்லுங்க."

முதலில் பார்வதி அக்காவிடம் போனேன். "எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. அவரு எம் பக்கத்துலதான் நின்னாரு, குடிச்ச வாடை ஒன்னும் இல்ல. நீயே அப்படிச் சொன்னப்பறம் நான் என்னத்தச் சொல்ல?" என்றார். நீ குடிக்கிறாய் என்று அவரும் பத்துப் பேரிடம் சொன்னவர்தான்.

அதன் பிறகு போகிற வீடுகளில், ரோட்டோர ஒட்டுக்கடையில், கோயில் வாசலில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அன்று எனக்கு ஒரு பேச்சு போதுமாயிருந்தது. இப்போது செம்பு, அசிட், ஊசித்துளை என்று கால் மணி நேரம் ஆகிறது. பாதியில் யாருக்காவது போன் வந்துவிடுகிறது. போன வாரம் ஒட்டுக்கடையில் ஒருவர் பொறுமையாகக் கடைசிவரை கேட்டார். ஆற்றிய டீயை, அந்தத் தே தாரிக்கை, குடித்து முடித்துவிட்டு, "ஓ, குடிச்சுச் செத்தாரே, அவர்தானே லா?" என்றார்.

இல்லை என்றேன். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.