செத்தவர் வாங்கிய பென்ஷன்

3 பிப்ரவரி 2025, திங்கள்

என் மொழிபெயர்ப்புக் கடைக்கு இன்று ஒரு மாவீரர் வந்தார். கர்ண பகதூர் தாபா, எழுபது வயது. ஊரைச் சுற்றும் வட்ட ரயிலில் வடக்கேயிருந்து வந்தாராம். உட்காருவதற்கு முன்பே தான் கூர்க்கா வம்சம் என்று அறிவித்துவிட்டார். வாழ்நாள் முழுக்க மாடு வளர்த்துப் பால் விற்றவர். மீசை மட்டும் சுபேதார் மீசை.

ஒரு தகரப்பெட்டி நிறைய ஆங்கிலக் காகிதம். நான் அதைப் பர்மியத்தில் எழுதிக் குடும்ப வரலாறாக்க வேண்டும். மூதாதை ஜஸ்வந்த், 1814இல் கலங்கா கோட்டையில் வெள்ளைக்காரனை எதிர்த்து வாளோடு விழுந்தவராம்.

“எங்க வம்சத்துல யாரும் ஓடினதில்ல, ஸயாமா.”

ஸயாமாவாம். டீச்சர் வேலையை விட்டு நாலு வருஷமாகிறது.

5 பிப்ரவரி, புதன்

கலங்கா பற்றிப் படித்தேன். மலைமேல் சின்னக் கோட்டை. உள்ளே அறுநூறு பேர், அதில் பெண்களும் குழந்தைகளும். கீழே கம்பெனியின் பீரங்கிகள். அவசரக்கார ஜெனரல் ஒருவர், மற்ற படைகள் வந்து சேருமுன் வாளை வீசிக்கொண்டு முன்னால் ஓடிச் செத்தார். அதற்குப் பெயர் வீரமாம். என் வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்தால் முட்டி போட வைத்திருப்பேன்.

பிறகு கம்பெனிக்காரர்கள் கோட்டைக்குப் போகும் தண்ணீரை அடைத்தார்கள். கடைசியில் எழுபது பேர்தான் வெளியே நடந்தார்கள். அடைத்தவர்களே அங்கே இரண்டு தூண் கட்டினார்கள் — ஒன்று தங்கள் பிணங்களுக்கு, ஒன்று ‘வீரமிக்க எதிரி’க்கு. தாகத்துக்குக் கல்!

9 பிப்ரவரி, ஞாயிறு

கரண்ட் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் போரை முடித்த சுகௌலி ஒப்பந்தம் படித்தேன். கல்கத்தாவில் உட்கார்ந்து போரைத் தொடங்கிய கவர்னர் ஜெனரலுக்குப் பெரிய பட்டம். காத்மாண்டுவில் மலைகளை எழுதிக் கொடுத்த மந்திரிக்குப் பதவி போகவில்லை. ஒருவருக்கும் நாக்கு வறண்டதாக எங்கும் எழுதியில்லை.

12 பிப்ரவரி, புதன்

அவசரம் எதற்கென்று இன்று தெரிந்தது. தாபாவின் மகன் ப்ரேம், இருபத்தாறு வயது, பால் ஊற்றுகிறவன். கட்டாயப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் பெயர் விழுந்திருக்கிறது. அவன் தாய்லாந்து எல்லைப் பக்கம் போய்விடப் பார்க்கிறான். அப்பா விடமாட்டார். பட்டாளத்துக்குக் கிளம்புமுன் இந்தப் புத்தகத்தை அவன் கையில் வைத்து அனுப்ப வேண்டுமாம்.

பெற்ற பிள்ளையை அனுப்ப ஒரு புத்தகம். கவர்னர் ஜெனரலாவது ஊரான் பிள்ளைகளைத்தான் அனுப்பினார்.

17 பிப்ரவரி, திங்கள்

பெட்டியின் அடியில் நாலாக மடித்த ஒரு தாள். 1837. பென்ஷன் சான்று. ஜஸ்வந்த் தாபா, முன்பு கலங்கா காவல்படை. 1815இல் கம்பெனியின் சிர்மூர் பட்டாளத்தில் சேர்ந்தவர். இருபத்திரண்டு வருஷ சேவை.

மூன்று முறை படித்தேன். சிரித்துவிட்டேன். வாளோடு விழுந்தவர், அடுத்த வருஷமே எழுந்து வெள்ளைக்காரனிடம் வேலைக்குப் போய், பென்ஷனும் வாங்கியிருக்கிறார்.

19 பிப்ரவரி, புதன்

காட்டினேன். கிழவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இத நீங்க மட்டும்தான் பாத்தீங்க, ஸயாமா. விட்டுடுங்க.”

முடியாது என்றேன். அப்படியானால் வேலையே வேண்டாம் என்று எழுந்தார். நாளை மறுநாள் மகனை அனுப்பிப் பெட்டியை எடுத்துக்கொள்வாராம். அந்தத் தாளைக் கிழிக்கவாவது தைரியம் இருந்ததா? அதுவும் இல்லை. மடித்தபடி மேசையிலேயே விட்டுப் போனார்.

21 பிப்ரவரி, வெள்ளி

ப்ரேம் வந்தான். மெலிந்த பையன், மரியாதையாகக் குனிந்தான். பெட்டியைத் தந்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என்னவோ, தாளையும் மொழிபெயர்ப்பையும் தனியாக எடுத்துக் கையில் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தான்.

“அப்ப, இவர் ஓடிட்டாரா?”

“தண்ணியில்லாத மலையிலேர்ந்து இறங்கிட்டார். இறங்கலேன்னா நீ இங்க நின்னு கேக்க மாட்டே.”

தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

26 பிப்ரவரி, புதன்

ஜெராக்ஸ் கடை ராஜரத்தினம் சொன்னார்: ப்ரேமைக் காணோம். மகனுக்குப் பதிலாகத் தகப்பனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

நான்தானே செஞ்சேன்? யார் என்னைக் கேட்டா? ஜெனரல், மந்திரி, கிழவர் — எல்லாரையும் நாக்கால வெட்டினேன். ஜன்னலோரம் உக்காந்துக்கிட்டு. அவங்கள மாதிரியேதான்.

28 பிப்ரவரி, வெள்ளி

சோறு இறங்கவில்லை.

4 மார்ச், செவ்வாய்

கிழவரை விட்டுவிட்டார்கள். இன்று வந்தார். இடது கண் வீங்கி மூடியிருந்தது. நடையில் ஒரு சாய்வு. ஆறு நாள் மகன் எங்கே என்று கேட்டார்களாம். அவன் எந்த வண்டியில், யாரோடு போனான் என்பது இவருக்குத் தெரியுமாம்; சொல்லவில்லை. வண்டி ஏற்றிவிட்டதே இவர்தான். தாளை அப்பா முன்னால் வைத்து, “போகட்டுமா?” என்று மட்டும் கேட்டானாம் ப்ரேம்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை அசைத்துத் தடுத்துவிட்டார். புத்தகத்தை முடித்துவிடச் சொன்னார். அந்தத் தாளும் உள்ளே இருக்கட்டுமாம்.

“விடியக்காலம் நான்தான் பால் ஊத்தப் போறேன். மத்தியானமா வந்து வாங்கிக்கறேன்.”

நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பெரியவர்களுக்கு இங்கே மரியாதையாகச் சேர்க்கும் ‘ஊ’வையும் சேர்த்து, உட்காருங்கள் ஊ கர்ணா என்றேன். டீ வாங்கிவர நானே இறங்கிப் போனேன்.