டிரினா மெலிந்ததற்குக் கைதட்டியவர்கள்

இலோயிலோ, பிலிப்பைன்ஸ், ஜனவரி 30

அன்புள்ள மெர்லிண்டா அக்காவுக்கு,

நாங்கள் நலம். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ரியாத்திலிருந்து நீ ஒரே பெட்டியில் சாக்லேட்டையும் எடை பார்க்கும் மெஷினையும் அனுப்பியபோதே எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நம் ஊரில் வாசலில் கால் வைக்குமுன் "என்னடி, பெருத்துட்டே!" என்பதுதான் நலம் விசாரிப்பு. இந்தத் திருவிழாவுக்கு வந்த சொந்தமெல்லாம் உன் மகளைப் பார்த்து, "அடியே டிரினா, பாதி உடம்பை எங்கடி தொலைச்சே? அழகிப் போட்டிக்கு நிக்கப் போறியா?" என்று கைதட்டினார்கள். நீயும் வீடியோவில் கைதட்டினாய். பிள்ளை சாப்பாட்டு மேசைப் பக்கமே வரவில்லை. அதை ஒருவரும் கேட்கவில்லை.

எடைச் சிகிச்சைக்குப் போகிறோமே, அந்த டாக்டர் லெடெஸ்மா ஒவ்வொரு முறையும் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். நேற்று என்னையும் உள்ளே கூப்பிட்டார். மதியச் சோற்றைத் தோழிகளுக்குக் கொடுத்துவிடுகிறாளாம். வெள்ளிக்கிழமைதோறும் நீ கேட்கிறாயே, அவள் மெஷினில் நிற்கும் எடைப் படம், அதற்காக வியாழன் முழுக்கப் பட்டினியாம்! "உடம்பு குறையறது இருக்கட்டும்மா. சோத்தைக் கண்டு பயப்படுறா, அதைத்தான் முதல்ல நிறுத்தணும்" என்றார். வீட்டில் எடை பார்க்கக் கூடாது. யாரும் அவள் உடம்பைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே சாப்பாடு சாப்பிட வேண்டும்.

இனி எடைப் படம் வராது.

உன் தங்கை,
ஜெம்மா

ரியாத், பிப்ரவரி 8

ஜெம்மாவுக்கு,

பெற்றவள் நானா, நீயா? பள்ளியில் அவளை "டிரம்" என்று கூப்பிட்டபோது இங்கே சாப்பிடாமல் அழுதவள் நான். சிகிச்சைக்குக் கூட்டிப் போகச் சொன்னதும் நான்தான். இப்போது மெலிகிறாள், சந்தோஷப்படக் கூடாதா? என் வார்டில் எல்லா நர்சுகளுக்கும் அவள் படத்தைக் காட்டினேன், அதை அவளிடமும் சொன்னேன். முதல் தடவையாகக் காட்டினேன்.

எனக்குப் பாடம் எடுக்காதே. வெள்ளிக்கிழமை படம் வந்தாக வேண்டும்.

மெர்லிண்டா

இலோயிலோ, பிப்ரவரி 17

அக்கா,

படம் அனுப்பமாட்டேன். நீயே ஒரு நர்ஸ், உனக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

திங்கட்கிழமை காலை பள்ளிக் கொடியேற்றத்தில் டிரினா மயங்கி விழுந்தாள். பயப்படாதே, இப்போது தேறிவிட்டாள், டாக்டரும் பார்த்துவிட்டார். ஆனால் கண் திறந்ததும் என்ன கேட்டாள் தெரியுமா? "சித்தி, நான் திரும்பக் குண்டாயிட்டா அம்மா என் போட்டோவை யாருக்கும் காட்ட மாட்டாங்கல்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ இங்கே இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும்? நீயே சொல்.

ஜெம்மா

ரியாத், பிப்ரவரி 26

அன்புத் தங்கை ஜெம்மாவுக்கு,

உன் கடிதத்தை வார்டுக் கழிப்பறையில் நின்று படித்தேன். அழுதேன். நீ திட்டியது போதாது.

நேற்று அவளுக்குப் போன் செய்தேன். எடையைக் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை, அதுவும் தப்பாகிவிடுமோ என்று பயம். இந்த இரண்டையும் விட்டால் என் மகளிடம் கேட்க என்னிடம் ஒன்றுமே இல்லை ஜெம்மா. கடைசியில் அவள்தான், "அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

தினமும் நீ அவளிடம் என்னதான் பேசுகிறாய்? எனக்கும் எழுது.

உன் அக்கா,
மெர்லிண்டா