காரணம் என்ற கட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. தொண்டை தேவலையா? இன்னும் வகுப்பில் கத்தித்தான் பாடம் நடத்துகிறீர்களா? நான் நலம்.

படிப்பு நேரம் போக, கல்லூரி அலுவலகத்தில் விலகல் படிவங்களை அடுக்குகிறேன். படிப்பை விடும் மாணவருக்கும் வேலையை விடும் ஆசிரியருக்கும் ஒரே படிவம்தான். ‘காரணம்’ என்ற கட்டத்தில் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ‘சொந்தக் காரணம்’ என்றே எழுதுகிறார்கள். அப்படியானால் போகாதவர்களுக்கு என்ன காரணம்? அதற்குப் படிவமே இல்லை. எங்கள் கணக்கு ஆசிரியரிடம் கேட்டேவிட்டேன்.

“சார், இருபது வருஷமா நீங்க ஏன் போகல?”

திருதிருவென்று விழித்தார். “இத யாரும் கேட்டதில்லையேம்மா.”

மறுநாள் என் மேசைக்கே வந்தார். “யோசிச்சேன். வருஷாவருஷம் கடைசி பெஞ்சுல ஒரு பிள்ளை புரிஞ்ச மாதிரியே தலையாட்டுது. அதுக்குப் புரியவெச்சுட்டுப் போலாம்னு பாக்குறேன், முடியல.”

இந்த வருடத்துப் பிள்ளை நான்தான் அம்மா.

நீங்கள் ஏன் இன்னும் ஆசிரியர் வேலையை விடவில்லை? எழுதுங்கள். உங்கள் பழைய போர்வையையும் அனுப்புங்கள், துவைக்காமல்.

அலுவலகத்தைப் பூட்டுகிறார்கள். இந்தத் தாளைத் திருப்பினால் விலகல் படிவம், என் பெயருடன். பதறாதீர்கள், காரணத்தை நிரப்பவில்லை. படிவம் இங்கே வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும்.

உங்கள் மகள்