எஞ்சினுக்குக் கட்டிய ஈரச் சாக்கு

செந்துறை
புதன்கிழமை

அன்பு மகன் பூவரசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் நலம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருக்க மாரியாயியை வேண்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். உன் அக்கா கண்ணகியின் மகள் நந்தினி பத்தாவதில் நானூற்று எண்பத்தொன்று வாங்கி பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. அவள் தம்பி கோகுலகிருஷ்ணன் மாவட்டக் கபடி அணியில் சேர்ந்துவிட்டான். உன் மகள் லாவண்யா ஜெர்மன் பாஷையில் பேசிப் பரிசு வாங்கியதைப் பெரம்பலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் இறங்கும் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன். எல்லோருக்கும் மேலே நீ, கப்பல் எஞ்சினை ரயிலில் ஓடவைத்த பிள்ளை.

போனில் சொன்னால் சரிம்மா பாக்குறேம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உன் கம்பெனி எஞ்சின் பூட்டிய ரயில் வண்டி அரியலூர் சிமெண்ட் ஆலைக்கு வந்து, அதில் உன் அக்கா வீட்டுக்காரர் தமிழழகனே டிரைவர் என்றதும் நான் தெருவெல்லாம் சொன்னேன். இரண்டாம் மாதமே மாப்பிள்ளை சொன்னார், கடல்ல நல்ல காத்தக் குடிச்ச எஞ்சின் அத்தே, இங்க சுண்ணாம்புக்கல் தூசியக் குடிச்சு மூச்சு வாங்குது என்று. பெரிய ஏர் பில்டர் கேட்டு ஆலையில் மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். உன்னிடமும் கேட்டார். ஆமா மாமா, கப்பலுக்குப் போட்ட பில்டரையே வச்சுட்டோம், அந்த ஊர்த் தூசிய நாங்க நெனச்சே பாக்கல, மாத்தி அனுப்பச் சொல்றேன் என்றாய். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

பில்டர் வரவில்லை. கதிரடிக்கும் மிஷினுக்கு நம் பக்கம் கட்டுவது போல, எஞ்சினுக்குள் காற்று போகிற வாயில் மாப்பிள்ளை ஈரச் சாக்கைக் கட்டினார். பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் வெயிலில் சாக்கு காய்ந்து நார் நாராகப் பிரிந்தது, அதை உள்ளே இழுத்து எஞ்சின் கெட்டு நின்றுவிட்டது. மாப்பிள்ளையை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். தப்பு டிரைவருடையது மட்டும்தான் என்று உன் கம்பெனியிலிருந்து வந்த தாளில் உன் கையெழுத்து இருக்கிறது பூவரசா. உன் தம்பி கையெழுத்து முத்து முத்தா இருக்கு கண்ணகி என்று மட்டும் அவர் சொன்னார். அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்காராமல் போய்விடுகிறாள்.

அந்தச் சாக்கைக் கோணூசியால் தைத்துக் கொடுத்தவள் நான். என் பிள்ளையின் எஞ்சின் மூச்சு முட்டக் கூடாது என்றுதான் இரட்டையாக மடித்துத் தைத்தேன்.

இருபத்தேழாம் தேதி ஆலையில் விசாரணை. சாக்கு கட்டியது தப்பு என்று அவர் ஒத்துக்கொள்கிறார். பில்டர் போதாது என்று உனக்கு முன்பே தெரியும் என்பதை நீதான் எழுத வேண்டும். அதனால் உன் வேலைக்கு என்ன வரும் என்று யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஐந்தாவது படித்த எனக்கு எஞ்சின் தெரியாது, நீ சொன்னது காதில் விழுந்தது தெரியும். நீ எழுதாவிட்டால் நான் போய்ச் சொல்வேன்.

பனியில் காதைக் கட்டிக்கொண்டு போ. நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். அந்த எஞ்சின் பக்கத்தில் நீ நிற்கிற போட்டோவை, கண்ணகி வந்து போகிற வீடு என்பதால் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஆலைக்கு எழுதிய பிறகு புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. எஞ்சின் வேண்டாம், நீ மட்டும் போதும். அதை அவள் கையால் மாட்டச் சொல்கிறேன்.

உன் அம்மா
வீராயி