பதினாறு மூளைக்கு ஒரு புத்தகம்

மார்ச் 3, திங்கள்

இன்றும் இயந்திரத்தை எழுப்பியது நான்தான். ஒரே கணினிப் பெட்டிக்குள் பதினாறு மூளை. பதினாறும் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும். படித்தவர்கள் அதை உருவாக்கினார்கள். ஆனால் காலையில் உசுப்பிவிட எட்டாம் வகுப்பு படித்த இந்தக் கைதான் வேண்டும். போன மாதம் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தேன். அதுவும் கூடவே படுத்துக்கொண்டது. பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

இப்படி ஒரே ஆளை நம்பிக் கிடப்பது ஆய்வு நிலைய இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. 21ஆம் தேதி, இயந்திரத்தையே பார்க்காத ஒரு ஆளைக் கூட்டிவருவாராம். அந்த ஆள் புத்தகத்தை மட்டும் பார்த்து அதை இயக்க வேண்டும். முடியாவிட்டால் இயந்திரம் இருக்கும் கூடத்தை வேறு பிரிவுக்குக் கொடுத்துவிடுவார். எங்கள் இயந்திரம் மரப்பெட்டிக்குள் போய்விடும்.

புத்தகமா? அப்படி ஒன்று இல்லவே இல்லை. எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. ஆராய்ச்சிக்குத் தலைவி டாக்டரம்மா. "மாமா, நீங்க எழுதிக் குடுங்க, நான் சரிபண்ணிக்கிறேன்" என்றாள். கடைசியில் என்னிடம்தான் வர வேண்டியிருக்கிறது.

மார்ச் 7

நாற்பத்திரண்டு பக்கம். மூன்றே நாளில். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"என்னங்க, மூணாம் பக்கத்துல புலி வருது. மிஷின் எப்ப வரும்?"

புலி என்றது இயந்திரத்துக் காற்றாடியின் உறுமலை. ரசனை இல்லாதவளிடம் என்ன சொல்ல.

மார்ச் 11

டாக்டரம்மா கத்தரித்ததில் மிச்சம் ஒன்பது பக்கம். ஒன்பது!

வெட்டுவதற்கு முன் ஒரு தடவை கேட்டாள், அதையும் சொல்லிவிட வேண்டும். "மாமா, இதுல எது நிஜம், எது உங்க கைச்சரக்கு?"

"எல்லாமே நிஜம்" என்றேன். வெளிநாட்டு நிபுணர் என் கையைப் பிடித்து அழுதது உட்பட. அவள் சிரித்துக்கொண்டே சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

மார்ச் 14, வெள்ளி

ஒத்திகை. இயந்திரத்தைப் பார்த்தே இராத நூலகத்து அம்மா ஒன்பது பக்கத்தோடு வந்தார். நான் ஓரமாக உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது.

குளிரூட்டி, மின்சாரம், முதல் மின்பலகை — எல்லாம் சரியாகச் செய்தார். ஒவ்வொரு மூளைக்குமாக விளக்கு எரிந்தது. பதினைந்து எரிந்தது. ஏழாவது எரியவில்லை. ஒரு நிமிடத்தில் எல்லாம் எரியாவிட்டால் அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவும் என்று டாக்டரம்மா எழுதியிருந்தாள். அந்த அம்மா அணைத்தார். திரும்பத் தொடங்கினார். மறுபடி அணைத்தார். ஐந்து தடவை. நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவதன் குணம் எனக்குத் தெரியும். அது மெதுவாகத்தான் எழும். நான் பாட்டுக்குக் காபி குடித்துவிட்டு வருவேன், எரிந்துகொண்டிருக்கும். அதை எழுதவும் செய்தேன், முப்பத்தொன்றாம் பக்கத்தில். "ஏழாமவர் ராஜ பரம்பரை, நாம் காபி அருந்தி முடிக்கும்வரை தரிசனம் தரமாட்டார்." புலியோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது.

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தாள். முகம் வாடிப்போயிற்று. ஆறு வருஷ உழைப்பு அவளுக்கு.

சே. எல்லாமே நிஜம்னு சொன்னேனே. அவ கேட்டப்பவே உண்மையச் சொல்லித் தொலைச்சா என்னடா?

மார்ச் 15

நானே சிவப்புப் பேனாவை எடுத்தேன். டாக்டரம்மா வெட்டித் தள்ளியதில் நிஜமான வரிக்கு மட்டும் அடிக்கோடு. நிபுணர் அழுததைத் தாண்டிப் போகும்போது கை கொஞ்சம் நின்றது. அவர் அழவில்லை. எனக்கு வணக்கம் கூடச் சொல்லவில்லை.

மொத்தம் பதினொரு வரி.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நம்ம கல்யாணக் கதையையும் ஒருநாள் இப்படிக் கோடு போட்டுக் குடுங்க."

மார்ச் 17

பதினொன்றையும் டாக்டரம்மாவிடம் கொடுத்து, மற்றதெல்லாம் சரக்கு என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கடிகாரத்தை வைத்து ஏழாவதை அளந்தாள். நாலு நிமிடம் பத்து விநாடி. பழைய பலகையாம், தன் நினைவகத்தை இரண்டு தடவை சோதித்துப் பார்த்துக்கொள்கிறதாம்.

"மாமா, இது எங்க யாருக்குமே தெரியாது. நீங்க மட்டும்தான் பாத்திருக்கீங்க."

இதை அப்படியே எழுதுகிறேன். ஒரு எழுத்து கூட்டவில்லை.

மார்ச் 21, வெள்ளி

இயக்குநர் தன் கார் ஓட்டுநரையே அனுப்பினார். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். தாழ்வாரத்தில் நின்றேன். காற்றாடி உறுமியது. அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை, நெடுநேரம். அணைத்தால் சத்தம் நிற்கும். நிற்கவில்லை.

ஓட்டுநர் வெளியே வந்தார். "பதினாறும் எரியுது சார். நடுவுல அஞ்சு நிமிஷம் எதையும் தொடாம உக்காருன்னு போட்டிருந்துச்சு. உக்காந்தேன். வண்டி ஓட்டுறதவிட சுகம்."

கூடம் எங்களுக்கே. டாக்டரம்மா என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

ஏப்ரல் 2, புதன்

விடுப்பு. மனைவியோடு ஏரிக்கரையில் நடந்தேன். ஆறு கிலோமீட்டர். இல்லை, மூன்று. இந்நேரம் டாக்டரம்மா இயந்திரத்தை எழுப்பியிருப்பாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஏரியில் இருநூறு வாத்து.

சரி, இருபது இருக்கும்.